எட்டு இலக்கம்

கார்டு இருக்கா என்றுதான் முதலில் கேட்பாள் ரொவெனா.
சாப்பிட்டாச்சா என்று கேட்கிற குரலில்.
கார்டு இல்லை, நம்பர் உண்டு என்போம்.
ஒன்பதில் தொடங்கி நான்கில் முடியும் எட்டு இலக்கம்,
சூசைநாதனுடையது.

சோஹார் தொழிற்பேட்டைக்குப் பின்னால்
பதினேழாம் அறையில் ஆறு பேர்.
சோப்பு அவரவர்க்கு. சார்ஜரில் பெயரெழுதி ஒட்டியிருக்கும்.
தயிர் டப்பாவில்கூடப் பேனாவால் கோடு கிழித்து வைப்பான் பொன்னுலிங்கம்.
புள்ளி மட்டும் பொது.

ரியாலுக்கு ஒரு புள்ளி, ஐந்நூறு சேர்ந்தால் இரண்டு ரியால்.
நூறு பைசாவில் கணக்குப் படித்த விரல்கள்
ஆயிரம் பைசாவில் தடுமாறியது முதல் மாதம்தான்;
புள்ளிக்கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை.
செய்யது கனி மகளுக்கு சைக்கிள் வாங்கிய வெள்ளிக்கிழமை
அவனைவிட நாங்கள்தான் அதிகம் சிரித்தோம்.

டிசம்பரில் கம்பெனி போனஸ் என்று ஓர் அட்டை தந்தது.
ஐம்பது ரியால். அதன்மேல் அச்சிட்ட ரிப்பன், அவிழ்க்க முடியாதது.
ஊருக்கு அனுப்ப ஆகாது, ரீசார்ஜுக்கு ஆகாது,
மார்ச் முப்பத்தொன்றோடு செத்துப்போகும்.
பன்னிரண்டு டின் பால்பவுடராக மாற்றி
எதிர்ச்சாரி பகாலாவில் நாற்பத்தொன்றுக்குத் தள்ளினேன்.
ரோட்டைக் கடக்க ஒன்பது ரியால் டோலா என்றான் கனி.
நம்பர் சொன்னாயா என்றான் அடுத்த மூச்சில்.
சொல்லியிருந்தேன்.

இசக்கிப்பாண்டிக்கு வேறு வழி.
பல் விளக்குமுன் போனில் ஒரு மின்னலைத் தொடுவான்,
அன்றைக்கான காசு விளைய ஆரம்பிக்கும்.
இரண்டு வருடமாக விளைகிறது.
அறுப்பு எப்போதென்றால், மார்க்கெட்டுக்கு வரட்டும் அண்ணே என்பான்.
நாலாயிரத்துச் சொச்சம் நாணயம் வைத்திருப்பவன்
போன வாரம் என்னிடம் ஐந்து ரியால் கைமாற்று வாங்கினான்.

ஏப்ரலில் சூசை முடித்துக்கொண்டு போனான்.
பெட்டியை எடைபோட்டுக்கொண்டே சொன்னான்:
ரெண்டாயிரத்து முந்நூறு கிடக்கு, எடுத்துக்கிடுங்க மக்கா.
எடுக்கப் போனோம். ஓடிபி கேட்டது.
ஓடிபி போகும் சிம்மோ
குளச்சலில், அவன் சட்டைப்பையில், சிக்னலே இல்லாமல்.
சரி, கிடக்கட்டும்.
வாய் பழகிவிட்டது, நம்பர் சொல்வதை நிறுத்தவில்லை.

ஆகஸ்டில் ஒருநாள்
திரையைப் பார்த்தாள் ரொவெனா, எங்களைப் பார்த்தாள்.
உங்களில் யார் ஃபர்ஸானா?

இரண்டு தட்டு முட்டை, தேங்காயெண்ணெய்,
பிளேடு, பத்துக் கிலோ அரிசி,
வேர்வை காயாத மூன்று ஆண்கள்.
பின்னால் வரிசை நின்றது.
ஃபர்ஸானாவுக்குப் பதினான்கு புள்ளி இருந்தது.
எங்களோடு ஐம்பத்திரண்டு ஆயிற்று.

அன்றிரவு அறையில் கூட்டம்.
புதிதாக ஒரு நம்பர் பதிவதென்று முடிவு.
யாருடையது?
சீக்கிரம் போகிறவன் நம்பர் வேண்டாம், திரும்பவும் இதே கதை ஆகும்.
கடைசியாகப் போகிறவனுடையதைப் போடுவோம் என்றேன், யோசிக்காமல்.
பொன்னுலிங்கம் விசிறியைப் பார்த்தான்.
கனி மகளிடம் பேச வெளியே போனான்.
இசக்கி தன் மின்னலைத் திறந்தான், அன்றைக்குத் தொட்டாயிற்று, மூடினான்.
எனக்கு இன்னும் எத்தனை வருடமென்று
என்னை யாரும் கேட்கவில்லை.
நானும் வாய் திறக்கவில்லை.

ஆகவே ஒன்பதில் தொடங்கி நான்கில் முடியும் அதே எட்டு இலக்கம்.

நேற்று ரொவெனா சொன்னாள்:
உங்கள் மேடம் ஐந்நூறு கழித்திருக்கிறாள்.
என்ன வாங்கினாள்?
சொல்லக் கூடாது என்றாள், சிரித்தபடி பையைக் கட்டினாள்.

பால்பவுடர் என்றான் கனி.
இரண்டு ரியாலுக்கு எங்கே டின் வரும், பிஸ்கட்தான் என்றான் இசக்கி.
வேலைக்கு வந்தவளாக இருக்குமா, வீட்டுக்காரியா,
எந்த நாடோ,
ரவுண்டானா வரை பேசிக்கொண்டே வந்துவிட்டோம்,
அரிசி மூட்டை தோள் மாறியதுகூடத் தெரியாமல்.